காற்றுக்குக் காத்திருத்தல்

அலாஸ்காவின் மேற்குக் கரையில், கோடை தேய்ந்து குளிர் எட்டிப் பார்க்கும் நாட்களில், பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை தன் குடலைச் சுருக்கிக்கொள்கிறது. இரையை அரைக்கும் தசைப்பை சிறுத்துப்போகிறது. ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் சிறுக்கின்றன. அடுத்த எட்டு ஒன்பது நாட்களுக்கு ஒரு வாய் உணவு கிடையாது. உண்பதற்கான உறுப்புகளைச் சுமந்து பறப்பது வீண் பாரம். உடல் எடையில் பாதிக்கும் மேல் இப்போது கொழுப்புதான்.

இது தெரியவந்த விதம் துயரமானது. புறப்பட்ட வேகத்திலேயே ஒரு ராடார் கோபுரத்தின் கூண்டில் மோதி இளம் மூக்கன்கள் சில இறந்தன. அவற்றின் உடல்களை ஆராய்ந்து தியூனிஸ் பியர்ஸ்மா, ராபர்ட் கில் என்ற இரு அறிஞர்கள் 1998-இல் எழுதினார்கள். பசித்த உடல்கள் அல்ல அவை. நிறைந்த உடல்கள். நிறைவின் உச்சியில், நெடும்பயணத்துக்குத் தடையானவற்றை மட்டும் ஒடுக்கிக்கொண்ட உடல்கள்.

ஏகாதசி விரதத்தன்று அந்தப் பறவைகள் எனக்கு நினைவுக்கு வரும். இலையை ஒதுக்கிவிடுகிறோம், பசி மட்டும் பழைய இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. மூக்கனோ பசி குடியிருக்கும் வீட்டையே சிறிதாக்கிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: கடலைத் தாண்டிக் கரை சேர்ந்ததும் அதன் குடல் மறுபடி வளர்கிறது. உடலின் மேல் அதற்கு வெறுப்பு இல்லை. வெறுப்பில்லாமல் ஒன்றை விடுவதும், காலம் வந்தபோது வெட்கமில்லாமல் அதை ஏற்றுக்கொள்வதும் எத்தனை பேருக்குக் கூடியிருக்கிறது? துறவைக் கடுமையோடு சேர்த்தே பழகிவிட்ட நம் மனத்துக்கு இந்தச் சாந்தம் புதிது.

உடல் தயாரான அன்றே அது கிளம்பிவிடுவதில்லை. காத்திருக்கிறது.

வடபசிபிக்கில் இலையுதிர் காலப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வரும். ஒரு புயலின் பின்புறத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் மூக்கன்கள் எழும்புகின்றன. அது வரும்வரை அவை சும்மா இருப்பதில்லை. கடல் பின்வாங்கினால் சேற்றில் இறங்கி நீண்ட மூக்கை அடிவரை புதைத்துப் புழுக்களையும் சிறு சிப்பிகளையும் எடுக்கின்றன. சேற்றுக்குள் இருக்கும்போதே மேல் அலகின் நுனியை மட்டும் திறக்க அவற்றால் முடியும். ஓதம் ஏறினால் மேட்டில் கூட்டமாக, ஒற்றைக் காலில் நிற்கின்றன. அவற்றின் வேளையைக் கணிப்பது ஓதம். ஓதத்தை ஆள்வது பெரும்பாலும் நிலவு. எனவே நள்ளிரவில் சேறு வெளிப்பட்டால் நள்ளிரவிலும் இரை தேடுகின்றன. அவற்றின் காத்திருப்பில் சோம்பலும் இல்லை, பதற்றமும் இல்லை. நம் காத்திருப்பில் இந்த இரண்டில் ஒன்று எப்படியும் புகுந்துவிடுகிறது.

காற்று வந்த பிறகு நடப்பதை உலகம் 2007-இல் அறிந்துகொண்டது. உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் பறவை. ஆய்வாளர்கள் அதற்கு இட்ட அடையாளம் ஈ7. ஆகஸ்டு இறுதியில் அலாஸ்காவை விட்டுக் கிளம்பி, எங்கும் இறங்காமல், செப்டம்பர் முதல் வாரத்தில் நியூசிலாந்தின் வடதீவில் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் தரை தொட்டது. எட்டு நாட்களுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 11,700 கிலோமீட்டர். கீழே பசிபிக் மட்டுமே. மூக்கனின் விரல்கள் வாத்தின் விரல்களைப் போலச் சவ்வால் இணைந்தவை அல்ல, கடல்நீரில் மிதந்து இளைப்பாறும் வாழ்வும் அதற்கு அமையவில்லை. அல்பட்ராஸ் போலச் சிறகை விரித்து வைத்துக் காற்றில் சறுக்கிப் போகும் உடல்வாகும் இல்லை. இரவும் பகலும் சிறகடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்க நீர்? உள்ளே கொழுப்பு எரியும்போது நீரும் பிறக்கிறது. நெருப்பிலிருந்து வரும் அந்த நீரே அதற்குத் தாகம் தீர்க்கிறது.

நம் வைணவ ஆசாரியர்களிடையே ஒரு பழைய வாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்வது போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் பக்கம். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல அவனே தூக்கிச் செல்வான், நாம் செய்ய ஏதுமில்லை என்பது தென்கலையார் பக்கம். முயற்சியா, அருளா? நூற்றாண்டுகளாக இரு பக்கமும் மிக நுட்பமாகப் பேசியிருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பசிபிக்கின் மேல் பறக்கும் மூக்கனிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோனால் அது கரைந்துவிடுவதை உணர்கிறேன். காற்று அதைச் சுமக்கிறது. அதற்காகச் சிறகை ஒரு கணம் நிறுத்தினாலும் கதை முடிந்தது. கடந்த தூரத்தில் காற்றின் பங்கு எத்தனை, சிறகின் பங்கு எத்தனை என்று யார் பிரித்துக் கொடுக்க முடியும்? முழுவதும் தன்னுடைய உழைப்பு, முழுவதும் தனக்குக் கிடைத்த கொடை. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கின்றன. என் வாழ்வில் உருப்படியாக நடந்த சில காரியங்களைத் திரும்பிப் பார்த்தால் அவையும் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

இதைவிட என்னை அசைப்பது குஞ்சுகளின் பயணம். தூந்திராவின் தரைக்கூட்டில் பொரிந்த குஞ்சு, முதலிலிருந்தே தன் இரையைத் தானே கொத்தித் தின்கிறது. பெற்றோர் காவல் மட்டுமே, ஊட்டுவதில்லை. பெரிய பறவைகள் பலவும் முன்னதாகத் தெற்கே போய்விட, இளையவை பின்னால் கிளம்புகின்றன. 2022 அக்டோபரில் ஐந்து மாதமே ஆன ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து எழும்பி, பதினொரு நாள் பறந்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், இடையில் ஓய்வே இல்லை. முதுகில் இருந்த சிறு கருவி சூரிய ஒளியில் இயங்கி வழி முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பறவை தெற்கைக் கண்டதில்லை. கடலுக்கு அப்பால் கரை உண்டு என்பதற்கு அதனிடம் சாட்சி எதுவும் இல்லை. இருந்தும் அதன் உடலுக்குள் ஏதோ ஒன்று கரை உண்டு என்று அறிந்திருக்கிறது. எண்ணற்ற தலைமுறைகள் போய்ச் சேர்ந்ததன் சாரம் அது. நம்பிக்கை என்று நாம் சொல்வதும் இவ்வாறு வந்ததாக இருக்கலாம். நமக்கு முன் யாரோ கடந்து போயிருக்கிறார்கள், அவர்கள் சென்றடைந்தது நம் எலும்பில் இருக்கிறது. கோயில் படியில் தலை வைக்கும் பாட்டிமார்கள் வாதம் செய்து அந்த இடத்துக்கு வந்தவர்கள் அல்லர்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இப்பறவையைக் குவாக்கா என்பார்கள். கிறைஸ்ட்சர்ச் நகரில் வசந்தத்தில் இவை திரும்பும்போது தேவாலய மணி அடித்து வரவேற்கும் வழக்கம் உண்டு. போகிற வழியெல்லாம் மனிதர் இப்படி வரவேற்பதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

தெற்கே வருவதற்கு ஒரே மூச்சு போதும். வடக்கே திரும்பும்போது மூக்கன்கள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலில் இறங்கி, வாரக்கணக்கில் உண்டு, இழந்த உடலை மீட்டுக்கொண்ட பிறகே அலாஸ்கா போக முடியும். ஈ7-உம் 2007 மார்ச்சில் அங்கே இறங்கித் தங்கிய பறவைதான். அந்தக் கடலோரச் சேற்று நிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கடந்த அரை நூற்றாண்டில் காணாமல் போயின: அணை, துறைமுகம், தொழிற்பேட்டை, வயல். தென்கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் 2006-இல் ஓதத்தை அடைத்தது. சேறு காய்ந்தது, சிப்பிகள் மடிந்தன. இந்தக் கரைகளை நம்பியிருந்த பறவை இனங்கள் பலவும் வேகமாகக் குறைந்தன.

சேற்றை வெற்றிடம் என்று நினைத்ததால் வந்த வினை இது. ஓதம் வடிந்த சேற்றைப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது; புழுவும் சிப்பியும் உள்ளே நிறைந்திருக்கும். நம் கோடியக்கரையில் குளிர்காலத்தில் உள்ளான்கள் கொத்திக் கொத்தி ஓடும் ஈர மண்ணும் அப்படிப்பட்டதே. சைபீரியாவிலிருந்து வரும் உயிர்களுக்கு அன்னம் இடும் அந்த மண்ணை அன்னதானக் கூடம் என்று வணங்கத் தோன்றுகிறது. தவசி காட்டுக்குப் போனாலும் பிச்சை இட ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை அடைத்துவிட்டுத் தவத்தின் பெருமையைப் பாடுவதில் பக்தி இல்லை.

கொஞ்சம் விழிப்பும் வந்திருக்கிறது. சீனாவின் மஞ்சள் கடல் கரையில் சில பகுதிகள் 2019-இலும், கொரியாவின் சேற்று நிலங்கள் சில 2021-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சுவர் எழுப்பிய அதே நாட்டில் சேற்றைக் காக்க மக்கள் எழுந்தது எனக்கு ஆறுதல் தருகிறது.

தெற்கே சேர்ந்த இளம் மூக்கன்கள் அடுத்த ஆண்டே வடக்கே திரும்பிவிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கி, சேற்றில் மேய்ந்து, முதிர்கின்றன. பின்பு ஒரு மார்ச் மாதத்தில், வழி காட்டும் அதே உள்ளறிவோடு, மஞ்சள் கடலை நோக்கி முதல் முறையாகக் கிளம்பும். இப்போது அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் இளையவை போய் இறங்குவதற்குள், அந்தக் கரையில் இன்னும் எத்தனை ஏக்கர் ஓதம் ஏறி வடியும் நிலமாக மிஞ்சும் என்பது மனிதர் கையில் இருக்கிறது.