எண்ணிப் பாத்துக்குங்க!

கூட வேலை பார்ப்பவர் ஒரு கணக்கைப் போட்டுத் தருகிறார். நீங்கள் அதை மறுபடி கூட்டிப் பார்க்கிறீர்கள். அவர் முகம் சுருங்கிவிடுகிறது. 'ஏன் சார், என் மேல நம்பிக்கை இல்லையா?'

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை சந்தேகங்களை விழுங்கியிருப்போம்! சரிபார்ப்பது அவமதிப்பா? பதில் தேடி செவ்வாய் கிரகம் வரை போய்வரலாம், வாருங்கள்.

1998 டிசம்பர் 11 அன்று நாசா 'மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தை ஏவியது. கலத்தைக் கட்டியது டென்வரில் இருக்கும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். அதன் பாதையைக் கணித்தது கலிஃபோர்னியாவில் இருக்கும் ஜேபிஎல் ஆய்வுக்கூடம். ஊர் இரண்டு, குழு இரண்டு, வேலை ஒன்று.

போகிற வழியில் கலம் தன் நிலையைச் சரிசெய்துகொள்ள, குட்டி ராக்கெட்டுகளை அவ்வப்போது பீச்சும். அந்த விவரம் டெலிமெட்ரியாக, அதாவது ரேடியோவில் வரும் அளவீடுகளாக, பூமிக்கு வந்து சேரும். ஒவ்வொரு பீச்சலும் கலத்தை எவ்வளவு தள்ளியது என்று தரையிலிருந்த ஒரு சாஃப்ட்வேர் கணக்கிட்டு ஃபைலில் எழுதும். ஜேபிஎல்காரர்கள் அதை வாங்கிப் பாதையைக் கணிப்பார்கள். கணக்கு நியூட்டனில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. டென்வர் சாஃப்ட்வேர் தந்ததோ பவுண்டில்! ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். எண்ணைப் பார்த்தால் அது பவுண்டா, நியூட்டனா என்று எப்படித் தெரியும்?

பிழை துளித் துளியாகச் சேர்ந்தது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்குப் பின்னால் போன கலம், மறுபக்கம் வெளியே வரவே இல்லை. 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டும். 80-க்குக் கீழே இறங்கினால் தாங்காது. 57 வரை இறங்கியிருந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள்.

'எவனோ ஒரு புரோகிராமர் சொதப்பிட்டான்' என்று நாம் முடித்துவிடுவோம். விசாரணைக் குழு அப்படி முடிக்கவில்லை. மூல காரணத்தோடு, துணைக் காரணங்கள் எட்டு என்று பட்டியல் போட்டது. அதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. ஏப்ரல் மாதமே, 'இந்த எண்கள் இடிக்குதே' என்பது தெரிந்துவிட்டது. ஆனால், முறைப்படி பிரச்னையாகப் பதிவுசெய்யாமல் ஈ-மெயிலிலேயே தீர்க்கப் பார்த்தார்கள். எழுதிவைக்காத சந்தேகத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். யாருடைய வேலையும் ஆகாது.

இதில் யார் கெட்டவர்? யாருமில்லை. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள். அதுதான் ஆபத்தே! 'அவங்க பார்த்திருப்பாங்க' என்று இவர்கள். 'தப்பா இருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க' என்று அவர்கள். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ஊருக்குக் கிளம்பி ரயில் நகர்ந்த பிறகு, 'கேஸை மூடினியா?' 'நீங்க மூடியிருப்பீங்கன்னு நினைச்சேன்!' பல பேர் சேர்ந்து செய்கிற வேலையில் பொறுப்பு பங்குபோடப்படுவதில்லை. சில சமயம் ஆவியாகிவிடுகிறது.

அப்படியானால் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியதுதானா? வேண்டாம். நம் ஊர்க் கடைக்காரரைப் பாருங்கள். மீதிப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு, 'எண்ணிப் பாத்துக்குங்க' என்கிறார். நீங்கள் எண்ணுகிறீர்கள். அவருக்கும் வருத்தமில்லை, உங்களுக்கும் கூச்சமில்லை. ஏன்? சரிபார்க்கச் சொன்னது கொடுத்தவர்!

விண்வெளிக்காரர்களிடமும் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. டெலிமெட்ரியைத் திரையில் பார்ப்பதற்காக நாசா உருவாக்கிய 'ஓப்பன் எம்சிடி' சாஃப்ட்வேரை, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். தப்பு தெரிந்தால் எந்த ஊர்க்காரரும் சொல்லலாம். திறந்து வைத்தால் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால், 'பாருங்க' என்று சொல்கிற மனசிலிருந்துதான் அது தொடங்குகிறது.

நாளைக்கு ஆபீஸில் ஒரு ஃபைலை நீட்டும்போது, 'ஒரு தடவை பாத்துடுங்க' என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் விழுங்க இருந்த சந்தேகம் ஒன்று வெளியே வரக்கூடும்.