அச்சத்திற்கு ஓர் அனுமதிப்பத்திரம்

மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை உடையவன் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த உரிமையைக் கைத்துப்பாக்கி வடிவில் இடுப்பிற் செருகி, மேற்சட்டையால் மூடிக்கொண்டு, சக மனிதரிடையே நடமாடுவது அறமாகுமா என்பது வேறொரு கேள்வி. இக்கேள்வியை நாம் நூல்களிலிருந்து தேடி எடுக்கவில்லை. அக்கரப்பத்தனையில் நாம் குடியிருக்கும் விடுதியின் வாசலுக்கே அது வந்து சேர்ந்தது.

மலைநாட்டில் ஆசிரியன் என்றால் மனு எழுதித் தருபவன் என்றும் பொருள். பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, சேமலாப நிதி, முதியோர் கொடுப்பனவு என ஆயிரம் குறைகளோடு மாலைப் பொழுதில் மக்கள் வருவர். அவர்களிடையே ஒருநாள் கடைவீதி வணிகர் ஒருவர் வந்தார். மரக்கறி லொறிகள் வைத்திருப்பவர். லயத்து மக்களுக்குக் கடன் கொடுத்து வாங்குபவர். அவருடைய கைத்துப்பாக்கிக்கான அனுமதியை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். “லயத்து ஆளுகளால உயிருக்கு ஆபத்து இருக்குதுன்னு நாலு வரி எழுதித் தாங்க சேர். போன வருசம் இருந்த மாஸ்டரும் அப்படித்தான் எழுதித் தந்தாரு” என்றார்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996ஆம் ஆண்டின் திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. அனுமதி ஓராண்டுக்கே செல்லும். ஆண்டு முடிவதற்குள் புதுப்பிக்காதவர் மறு ஆண்டின் முதல்நாள் குற்றவாளி ஆகிறார். பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்பவர் தம் நிலத்தைக் காட்ட வேண்டும். உயிரைக் காக்கக் கேட்பவர் தமக்குள்ள ஆபத்தைக் காட்ட வேண்டும். 2024 நவம்பரில், தற்காப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளைத் திருப்பி ஒப்படைக்குமாறும், மீளாய்வு செய்து தகுதியுடையோருக்கே மீண்டும் வழங்கப்படும் என்றும் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஆகவே, ஒருவனுடைய அச்சம் மெய்யானதா என ஆண்டுதோறும் அரசு எடைபோட்டுப் பார்க்கிறது.

இந்த எடையில் யாருடைய அச்சம் நிறுக்கப்படுகிறது? காட்டுவதற்கு நிலமில்லாதவன், தான் உறங்கும் அறையே தோட்டத்துக்குச் சொந்தமாயிருக்கக் காண்பவன், தன் அச்சத்தை எந்தப் படிவத்தில் நிரப்புவான்? விடியற்காலை மலையேறும் பெண் அட்டைக்கும் குளவிக்கும் சிறுத்தைக்கும் அஞ்சுகிறாள். கடன்காரரின் குரலுக்கும் அஞ்சுகிறாள். அந்த அச்சத்துக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலகம் எங்கும் இல்லை. உடைமையுள்ளவனின் அச்சமே சான்றாகிறது. உடைமையற்றவனோ அந்தச் சான்றில் ஆபத்து என்ற பெயரில் எழுதப்படுகிறான்.

மலைநாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறான சாட்சி பகர்கிறது. வெள்ளைத் தோட்டத்துரைமார் 1900 முதல் 1949 வரை தமக்கென்றே ஒரு துப்பாக்கிப் படையை வைத்திருந்தனர். 1940 சனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளரிடையே கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு இரையானார். 1956இல், அக்கரப்பத்தனைக்கு அண்மையிலுள்ள டயகமத் தோட்டத்தில் ஏப்ரகாம் சிங்கோ என்ற தொழிலாளி சுடப்பட்டார். அவர் சிங்களவர், தமிழ்த் தொழிலாளரோடு தோள்சேர்ந்து நின்றவர். குண்டு இனம் பார்க்கவில்லை, வர்க்கத்தைப் பார்த்தது. 1977 மே 11இல், தோட்ட நிலம் பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்ட மக்களிடையே சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் வீழ்ந்தார். இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, லயத்து மனிதனால் ஆபத்து என்று நம் கையால் எழுதுவது எங்ஙனம்? அந்த லயத்துப் பிள்ளைகளுக்குத்தானே நாம் பகலெல்லாம் பாடம் சொல்கிறோம்!

மறைத்த ஆயுதத்தைப் பற்றித் தமிழ் மரபு நீண்ட காலமாகவே ஐயுற்று வந்திருக்கிறது. கூப்பிய கரத்துக்குள்ளும் பகைவனின் படை பதுங்கியிருக்கக்கூடும் என வள்ளுவர் எச்சரித்தது கூடாநட்பைப் பற்றிப் பேசுமிடத்தில். முத்தநாதன் சுவடிக் கட்டுக்குள் குறுவாளை ஒளித்துச் சென்றே மெய்ப்பொருள் நாயனாரை வீழ்த்தினான். வெளிப்படையாக ஏந்திய வேலை எதிராளி கண்டு, விலகவோ எதிர்க்கவோ இயலும். மறைத்த ஆயுதமோ பேச்சின் சமத்துவத்தையே அழித்துவிடுகிறது. கடன் கேட்க வருபவரின் இடுப்பில் அது இருப்பதை ஊர் அறியும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்நிலையில் கடன்பட்டவன் சொல்லும் ‘சரிங்க’ என்ற சொல் இணக்கமா, அடிபணிவா?

அமெரிக்காவில் நிலைமை வேறு. தனிப்பட்ட காரணம் காட்டினாலன்றி மறைத்துச் செல்ல அனுமதியில்லை என்று நியூயோர்க் மாநிலம் நூறாண்டுக்கு மேலாகக் கொண்டிருந்த விதியை, 2022 யூன் மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. காரணம் கேட்பதே உரிமைக்குக் குறுக்கே நிற்பது என்பது அத்தீர்ப்பின் சாரம். நமக்கோ, காரணம் கேட்கும் அந்த ஒன்றுதான் இச்சட்டத்தில் அறத்துக்கு மிஞ்சியிருக்கும் இடமாகத் தோன்றுகிறது. குறை கேள்வியில் இல்லை. அதற்கு எழுதப்படும் விடையில் உள்ளது.

எனினும், வணிகரின் வாதத்தை அற்பமெனத் தள்ளுவது நேர்மையாகாது. 1983 யூலையில் நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவருடைய தந்தையின் கடையும் எரிந்தது. “அப்பா கையில ஒண்ணு இருந்திருந்தா அப்படி ஓடியிருப்பாரா சேர்?” என்று அவர் கேட்டபோது, நம்மிடம் உடனடி விடை இல்லை. இரவில் பணத்தோடு லொறியில் கொழும்பு சென்று திரும்புவதும் மெய்யே. ஈராண்டுக்கு முன் கடை உடைக்கப்பட்டதும் மெய்யே. ஆனால், ஆட்சியே கண்மூடி நின்ற அந்நாளில், ஒரு கைத்துப்பாக்கி ஒரு கும்பலை எவ்வளவு நேரம் தடுத்திருக்கும்? தந்தையைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தது அயலிலிருந்த சிங்களக் குடும்பம் என்பதையும் அவரே பின்னர் சொன்னார். அதன்பின் இந்நாடு 2009 வரை ஆயுதங்களின் பேச்சையே கேட்டது. வடக்கிலும் தெற்கிலும் அது யாரை மிச்சம் வைத்தது என்பது நாமறிந்ததே.

இறுதியில் வணிகரிடம் நாம் ஒன்றுதான் சொன்னோம்: கடை உடைக்கப்பட்டதையும் இரவுப் பயணத்தையும் எழுதுகிறோம், லயத்து மக்களால் ஆபத்து என்பதை எழுத மாட்டோம். “அது இல்லாட்டி கடிதம் எதுக்கு சேர்?” என்று அவர் எழுந்து போய்விட்டார். வேறு யாரிடமோ எழுதி வாங்கியிருக்கலாம். நாளை அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், நம் மறுப்பு நம்மை உறங்கவிடாது என்பதையும் அறிவோம். ஆயினும், ஒருவரின் அச்சத்தைத் தீர்க்க ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் பொய்யை எழுதுவதற்கு அந்த அறியாமையும் துயரமும் நியாயமாக மாட்டா.

அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லும் சட்டம், தன்னையறியாமலே ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறது. அச்சமுள்ளவன் ஆண்டுக்கொருமுறை நின்று, ‘இவ்வச்சம் இன்னும் மெய்தானா? இதை வளர்த்ததில் என் பங்கு என்ன?’ என்று தன்னைக் கேட்க அதில் வாய்ப்பிருக்கிறது. படிவத்தில் அக்கேள்விக்கு இடமில்லை. கடன் பொறியும் லயத்து இருளும் நீங்கிய மலைநாட்டில், அண்டை மனிதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டுவோர் அரியராவர். அந்த மலைநாட்டுக்காகப் பாடுபடுவதே, மனு எழுதும் ஆசிரியரும் அவரிடம் பயிலும் மாணவரும் மேற்கொள்ளத்தக்க தற்காப்பு.