பழுதான பொருளைத் துறக்கும் தருமம்

ஒரு பொருள் எப்போது ஒருவருக்கு உரியதாகிறது என்பதில் அறநூல்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. விலை கொடுத்து வாங்கினால், கொடையாகப் பெற்றால், பாகப்பிரிவினையில் வந்தால் அது அவருடையது. அந்த உரிமையும் அதோடு ஒட்டிய பொறுப்பும் எப்போது முடிகின்றன என்பதுதான் கடினமான கேள்வி. மீமாம்சகர்கள் வேள்வியை ஆராயும்போது பொருள், தெய்வம், தியாகம் என்ற மூன்றையும் அதன் உறுப்புகளாகக் கொண்டார்கள். இது இனி என்னுடையதன்று என்று மனமறிந்து விடுவதே தியாகம். தானத்தைப் பற்றிப் பேசிய தரும சாத்திர ஆசிரியர்கள் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். கொடுப்பவர் விட்டால் மட்டும் போதாது, பெறுபவர் ஏற்கவும் வேண்டும். அவர் ஏற்கத் தக்கவராகவும் இருக்க வேண்டும். ஓடாத மிக்சியும், படம் வராத டிவியும், பேட்டரி உப்பிய கைப்பேசியும் வீட்டைவிட்டு வெளியேறும்போது இந்த நிபந்தனை முழு வலிமையோடு எழுகிறது.

பயனற்றதைக் கொடுத்துவிட்டுக் கொடையென்று பெயர் சூட்டுவதைக் கடோபநிடதம் அதன் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. தன் உடைமை அனைத்தையும் தருவதாக வேள்வி செய்யும் தந்தை, இனி நீர் குடிக்கவும் புல் மேயவும் பால் சுரக்கவும் முடியாத பசுக்களை ஓட்டிக் கொடுக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுவன் நசிகேதனுக்கு, இப்படிப்பட்ட கொடை தந்தையை இன்பமற்ற உலகங்களுக்கே இட்டுச் செல்லும் என்று படுகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், “ரிப்பேர் பண்ணினா ஓடும், எடுத்துட்டுப் போங்க” என்று பழைய டிவியைத் தூக்கிக் கொடுப்பது இதே வகைக் கொடைதான். பழுது பார்க்கும் செலவும், அது முடியாதபோது தூக்கி எறியும் பாவமும் ஏழை வீட்டுக்கு இடம் மாறுகின்றன. கொடுத்தவருக்குக் கிடைப்பது புண்ணியமன்று, வீட்டில் கொஞ்சம் காலி இடம்.

பழையதைக் கழிப்பதற்கு மரபு நெருப்பையும் நீரையும் மண்ணையும் நம்பியிருந்தது. போகியன்று பழம்பாய் எரிந்தது. பூசை முடிந்த களிமண் பிள்ளையார் குளத்தில் கரைந்தார். பௌத்தர்களின் விநய பிடகத்தில் ஒரு காட்சி உண்டு. ஏராளமான துவராடைகளைப் பெற்ற புத்தரின் சீடர் ஆனந்தரிடம், இவற்றை என்ன செய்வீர்கள் என்று உதேன மன்னன் கேட்கிறான். நைந்த ஆடை விரிப்பாகும், விரிப்பு கிழிந்தால் கால் துடைக்கும் துணியாகும், அதுவும் இற்றுப்போனால் மண்ணோடு குழைத்துத் தரை பூசப்படும் என்று ஆனந்தர் படிப்படியாக விடை சொல்கிறார். சிக்கனத்தைப் பற்றி இதைவிட நிறைவான பாடம் அரிது. ஆனால் கடைசிப் படியில் மண் துணியை ஏற்றுக்கொள்கிறது என்பதால்தான் அது நிறைவாகிறது.

மின்னணுப் பொருளில் அறுந்துபோவது இந்தக் கடைசிப் படி. பழைய படக்குழாய் டிவி ஒன்றின் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் எரிந்து மறைவதில்லை, மட்குவதுமில்லை. சுருள் பல்பில் பாதரசமும், பழைய ரீசார்ஜ் பேட்டரிகளில் காட்மியமும் உண்டு. ஒயரின் மேல் உள்ள பிவிசி உறையை எரித்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகிறது. போகியில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை போன்ற ஊருக்கு இந்த நஞ்சு கலப்பது எங்கோ நடக்கும் சங்கதியன்று. ஓரிக்கையைத் தொட்டு ஓடும் பாலாற்றின் மணலுக்கு அடியிலிருந்துதான் நகரத்துக் குடிநீரின் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. ஆற்றங்கரையில் கொட்டியது குடத்துக்குள் திரும்பி வர நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

கழிப்பதையே ஒரு விரதமாக எண்ணிய மரபும் இதே காஞ்சியில் வேரூன்றியது. வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம் பழைய சமணக் காஞ்சி; திரைலோக்கியநாதர் கோயில் இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. சமணத் துறவிக்குரிய ஐந்து சமிதிகளில், அதாவது விழிப்போடு செய்ய வேண்டிய ஐந்து செயல்களில், நடப்பதும் பேசுவதும் உணவு ஏற்பதும் மூன்று. நான்காவது, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் காட்ட வேண்டிய கவனம். ஐந்தாவதான உத்சர்க்க சமிதி, கழிக்க வேண்டியதை உயிர்கள் இல்லாத இடமாகப் பார்த்து, எந்த உயிருக்கும் ஊறு வராமல் கழிப்பது. துறவி தன் உடற்கழிவுக்கே இவ்வளவு பார்க்க வேண்டும் என்கிறது அந்த நெறி. இல்லறத்தார் நஞ்சு கலந்த பொருளைக் கழிக்கும்போது அதே கண்ணோட்டம் வேண்டாம் என்று வாதாட எந்தச் சமயத்திலும் இடமில்லை. மின்கழிவைப் பற்றி இந்தியச் சிந்தனையில் நேரான வழிகாட்டுதல் தேடுபவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் இந்த ஐந்தாம் சமிதி.

பழைய பொருளிலிருந்து மதிப்பைப் பிரித்தெடுக்கும் தொழிலைக் காஞ்சிபுரத்து நெசவுப் பகுதிகள் நெடுங்காலமாக அறியும். பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. கிழிந்த பட்டுப்புடவையை வாங்குபவர் முந்தானையைத் திருப்பி, ஜரிகை இழையை உரசிப் பார்த்துத்தான் விலை சொல்வார். பிறகு புடவை எரிக்கப்பட்டு, சாம்பலை உருக்கி வெள்ளி எடுக்கப்படுகிறது. காயலான் கடையிலும் வேலையின் தருக்கம் இதுவே, விளைவு வேறு. செம்புக்காக ஒயர் எரிக்கப்படுகிறது. படக்குழாயின் கழுத்தில் சுற்றிய செம்புச் சுருளுக்காகக் கழுத்து உடைக்கப்படுகிறது. சுருள் தராசுக்குப் போகிறது, ஈயக் கண்ணாடி யாருக்கும் வேண்டாததாகி ஏதோ ஓர் ஏரிக்கரையில் சேர்கிறது. சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் இடங்களில் அமிலம் சாக்கடையில் கலக்கிறது. இதற்காகக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். முதலில் புகையைச் சுவாசிப்பவர் அவரும் அவரிடம் கூலிக்கு வேலை செய்பவரும்தான்.

அப்படியானால் வினை யாருடையது? திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் கொல்பவரோடு நிறுத்திக்கொள்ளாமல், விலைக்கு வாங்கி உண்பவரையும் கணக்கில் சேர்க்கிறது. ஓரிக்கையில் கருங்கல் மணிமண்டபம் எழுப்பப்பட்டிருக்கும் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டுப்புழுக்கள் கொல்லப்படுவதை எண்ணிப் பட்டு உடுத்துவதைக் கைவிடச் சொன்னவர். அதுவும் பட்டையே நம்பி வாழும் ஊரின் மடத்திலிருந்து. இரண்டிலும் கொள்கை ஒன்றே: செயல் ஒருவர் கையால் நடந்தாலும், அதை நடக்கவைக்கும் சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் பங்கு உண்டு. மின்கழிவில் அந்தச் சங்கிலி உற்பத்தியாளரிடம் தொடங்குகிறது. 2011-ல் வெளியாகி 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், விற்ற பொருளின் முடிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்ற கருத்தை இந்தியச் சட்டத்தில் நுழைத்தன. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள 2022-ம் ஆண்டு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் வழியாக அந்தப் பொறுப்பைக் கணக்குக் காட்டச் சொல்கின்றன. அலுவலகம் போன்ற மொத்த நுகர்வோருக்கும் அவற்றில் கடமை உண்டு. தனி வீட்டுக்கென்று அப்படி எதுவும் இல்லை; சட்டம் அங்கே மனசாட்சியை நம்பி ஒதுங்கிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலியில் அரசும் ஒரு கண்ணி. 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்பட்டன. அத்தனையும் படக்குழாய்ப் பெட்டிகள். கொடுத்து முடித்த பிறகே மேற்சொன்ன விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழை வீட்டுக்கு அந்தப் பெட்டி தந்த மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அவற்றின் கடைசி நாளைப் பற்றிய ஏற்பாடு கொடையோடு சேர்ந்து வரவில்லை. பெரும் கொடை செய்பவர் திரும்பப் பெறும் வழியையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும்.

தூக்கி எறிவதற்கு நேர் எதிரான குறையும் உண்டு: எதையும் விடாமல் பரணில் ஏற்றுவது. ஆயுத பூசையன்று கணினிக்கும் சந்தனம், குங்குமம் இடும் வீட்டில், உழைத்து ஓய்ந்த பொருளைக் குப்பையில் போட மனம் வராதது இயல்பு. ஆனால் ஓய்வு தருவதற்கும் மரபில் ஒரு முறை உண்டு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் எழுந்தருளி, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறார். 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 16 வரை மக்கள் அவரைத் தரிசித்தார்கள். மூலவராக இருந்த திருமேனிக்கு அதற்கென ஓர் இடமும் காலமும் வகுத்த மரபு அது. மேசை அறையில் கிடக்கும் செத்த கைப்பேசிகளுக்கு இடமும் இல்லை, காலமும் இல்லை. சமணமும் யோக நூலும் அபரிக்கிரகம் என்ற பெயரால் விலக்கச் சொல்லும் சேர்த்துவைத்தல்தான் அது. ஜப்பானில் இசுமி நகரத்துக் கோஃபுகு-ஜி பௌத்தக் கோயிலில், உற்பத்தி நின்றுபோன சோனி ஐபோ ரோபோ நாய்களுக்கு 2015 முதல் இறுதிச் சடங்கு நடத்தியிருக்கிறார்கள். சடங்குக்குப் பின் அவற்றின் பாகங்கள் மற்ற ஐபோக்களைப் பழுது பார்க்கப் பயன்படுகின்றன. பொருளின் மீது வைத்த அன்புக்கும் அது போய்ச் சேரும் இடத்துக்கும் அங்கே முரண் இல்லை.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது முதலில் பழுது பார்ப்பது. ஓடும் நிலையில் உள்ளதை, ஓடுகிறது என்று காட்டிவிட்டுப் பிறருக்குக் கொடுக்கலாம். ஓடாததை உற்பத்தியாளரின் சேகரிப்பு மையத்திடமோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ உடைக்காமல் ஒப்படைக்க வேண்டும். காயலான் கடை தருவதைவிடக் குறைந்த தொகையே கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். தியாகம் என்ற சொல்லுக்குரிய இழப்பு இந்த வேலையில் அந்த அளவுதான். பல வீடுகள் சேர்ந்து தெருவுக்கு ஒருமுறை திரட்டினால் வண்டிச் செலவும் குறையும். ஒப்படைக்கும் முன் கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். சுருள் பல்பு உடையாமல் அட்டைப் பெட்டியிலும், பிரிட்ஜ் குளிர்வாயு வெளியேறாமல் குழாய் அறுக்கப்படாத நிலையிலும் போய்ச் சேர வேண்டும்.