மறைந்த ஞாயிறும் முல்லைவாயிலும்



ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே, மாசிலாமணியீசர் எழுந்தருளிய வட திருமுல்லைவாயிலைச் சூழ்ந்து வாழும் நமக்கு, நாள்தோறும் ஞாயிறு தோன்றுதல் வியப்பன்று. நார்வே தேயத்து வடபாலுள்ள துரோம்சோ நகரத்தார்க்கோ அஃது எளிதன்று. நவம்பர் 21-ஆம் நாளளவில் மறையும் கதிரவனை அவர்கள் மீண்டும் காண்பது ஜனவரி 21-ஆம் நாளளவிலேயாம். அந்நாளை அவர்கள் விழாவாகவே கொண்டாடுவர். 1980-களில் அந்நாட்டின் வடகோடியில் மீன் ஆலைகளில் உழைக்கப் புகுந்த ஈழத்தமிழர் பலரும் இத்தகைய நெடிய இரவைக் கண்டவரே.

அவ்விரண்டு திங்களும் ஞாயிறு எங்கே சென்றது? எங்கும் சென்றிலது. புவியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்து நிற்றலின், பனிக்காலத்தில் வடமுனைப் பகுதி கதிரவனை விட்டு விலகிச் சாய்கின்றது. மறைத்தது நிலத்தின் சாய்வு, ஞாயிற்றின் குறைவன்று. அவ்விருட்காலத்தும் நண்பகலில் தென்றிசை அடிவானம் சிறிது வெளுக்கும். அடிவானத்தின் கீழ் நிற்கும் ஞாயிற்றின் ஒளியே அது.

இனி, நம் ஊருக்கு வருவோம். சங்கிலியாரைப் பிரியேன் எனத் திருவொற்றியூரில் செய்த சூளுறவைக் கடந்தமையால், நம்பியாரூரர் இரு கண்ணொளியும் இழந்தார். இழந்த அந்நிலையில் அவர் முதற்கண் வந்து வணங்கிப் பாடிய தலம் இம்முல்லைவாயிலே. இங்கே அவர்க்குக் கண் கிடைத்திலது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், கச்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பின்னரே கிடைத்தன. அங்ஙனமாயின், இங்குப் பாடிய பாட்டு வீணாயிற்றோ என ஓர் ஐயம் எழும்.

அன்று என்க. புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். ஆதலின் அதனுட்பட்டவன் தன்னைக் குருடன் என்றே அறியான். ‘யான் இருளில் நிற்கின்றேன், துயர் தீர்த்தருள்க’ என ஒருவன் முறையிடத் தொடங்கின், அவ்வறிவு அவ்விருள் தந்ததாகுமோ? ஆகாது. திருவருள் உள்நின்று உணர்த்தியதே அது. நம்பியாரூரர் இங்குப் பாடிய பாட்டு, துரோம்சோவின் நண்பகல் வெளுப்பைப் போல்வது. கதிர் தோன்றிற்றிலது; ஆயினும் கதிரின்றி அவ்வெளுப்பும் இல்லை.

உவமை முற்றும் ஒவ்வாது என்பதையும் உணர்க. ஞாயிறு அறிவில் பொருள். நாள் வந்துழித் தோன்றும். நம் துயர் அறியாது. இறைவனோ உயிரின் பக்குவம் நோக்கி மறைத்தும் காட்டியும் நடத்துவான். மறைக்கும் அச்சத்தியைத் திரோதானம் என்றும், மலத்தைப் பாகப்படுத்துதல் பற்றி அதுவும் அருளே என்றும் நம் சாத்திரம் கூறும். இத்தலத்து மாசிலாமணியும் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்து, சித்திரைச் சதயத்தன்று அக்காப்புக் களையப்பெறுதல் காண்க. மறைந்திருந்த நாளில் இலிங்கம் இல்லையென்பார் உளரோ?

மகவை இழந்தும், நோயால் நைந்தும், ‘எத்தனை நாள் தொழுதேன், யாது பயன்?’ என்று நம்முள் வருந்துவார் உளர். அவர்க்கு நாம் விரைந்து விடைகூற வல்லேம் அல்லேம். ஒன்று மட்டும் கூறுதும். கண் பெற்றபின் பாடுவேன் என நம்பியாரூரர் காத்திருந்திலர். ஒளியின்றியே பாடினார், ஒளியின்றியே அடுத்த தலத்திற்கு நடந்தார். கண் அவர்க்கு வழியிடையே வந்தது. நாமும் அங்ஙனமே தொழுது நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.