பாட்டி பெயரைப் போட்டுப் பாடு

"எந்த ஊர்?" என்று சென்னையில் யாராவது கேட்டால், பள்ளிபாளையம் என்று சொல்லக் கூசி "ஈரோடு பக்கம்" என்று மழுப்புகிறாயே தம்பி, அந்தக் கூச்சத்தை இன்றைக்கே காவிரிப் பாலத்திலிருந்து தூக்கி எறி. அப்பாவுக்கு என்ன வேலை என்றால் "டெக்ஸ்டைல்ஸ்" என்கிறாய். தறி ஓட்டுகிறார் என்று சொல்! ராசிபுரத்துத் தங்கச்சி, உனக்கும்தான். சேகோ ஃபேக்டரியில் குச்சிக்கிழங்கு தோல் உரித்துத்தான் அம்மா உனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினார். அதை ஏன் "பிரைவேட் கம்பெனி" ஆக்குகிறாய்?

ராப் பாட வேண்டும் என்கிறீர்கள். பாடுங்கள். ஆனால் முகவரியை மறைக்கிறவருக்கு அந்தக் கலையில் இடம் கிடையாது. அது பிறந்ததே ஒரு கதவு எண்ணில்தான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520, செட்ஜ்விக் அவென்யூ. நாள்: 1973 ஆகஸ்ட் 11. பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்ற பெண் அந்த அடுக்குமாடியின் பொதுக் கூடத்தில் ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியது அண்ணன் கிளைவ். பின்னாளில் உலகம் கொண்டாடிய டிஜே கூல் ஹெர்க் அவன்தான். ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. பள்ளிக்கூடத் துணிக்குக் காசில்லாத வீட்டிலிருந்து புறப்பட்டதுதான் இன்றைக்கு உலகத்தையே ஆட்டிவைக்கிறது. உன் வீட்டுக் கஷ்டத்தைக் காட்டி என்னிடம் சாக்குச் சொல்லாதே.

அமெரிக்கா தூரம் என்கிறாயா? அரக்கோணம் பக்கம்தானே! அங்கிருந்து வந்தவர் ராப் பாடகர் அறிவு. 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைப் போட்டவர். 2021 மார்ச்சில் வந்து மூலைமுடுக்கெல்லாம் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி' அவருடைய பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளில் முளைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்துவிட்டு நாடு திரும்பிய பெண் அவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. ஒருவர் பெயரும் அதில் கிடையாது, வெறும் தலைக்கணக்கு. அந்தக் கணக்குக்குள் தொலைந்துபோனவர்களில் ஒரு கிழவியைப் பேரன் உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனார். 2024-இல் ஆல்பத்துக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். நம்மில் எத்தனை பேர் விசிட்டிங் கார்டில் அப்படிப் போட்டுக்கொள்வோம்?

கங்காணிகள் அந்தத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் நம் சேலமும் உண்டு. கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பாத ஒரு சின்னத்தாத்தா உன் வீட்டிலும் இருந்திருக்கலாம். கேட்டிருக்கிறாயா? கேட்க ஆளிருக்கும்போதே கேட்டுவிடு.

தங்கச்சி, உனக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன்: இசைவாணி. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது அதில் 19 பேர். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. கானா என்றாலே ஆம்பளைப் பாட்டு என்றிருந்த ஊரில் கானா பாடினார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

"அதெல்லாம் மெட்ராஸ், நம்ம பக்கம் ஏது?" என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்கள் வழியெல்லாம் பாடிப்போன பாட்டை எழுதியவர் யார்? மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளை. போலீஸ்காரர் மகன்! போலீஸ் தடியடிக்கு நடுவே நடந்தவர்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். கூத்தை எடுத்துக்கொள். சேலத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கிற தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான்? ராஜாவைக் கிண்டலடிக்கிற சாக்கில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷனை அவர் மூஞ்சிக்கு நேராகவே எதுகையோடு இழுத்துவிடுகிறான். ஊர் சிரிக்கிறது. பெரிய மனுஷனும் சிரித்துத்தான் ஆக வேண்டும். பிராங்க்ஸ் பையன்களுக்கு முன்னாலேயே இந்த வேலையைப் பார்த்தவன் அவன். கூத்துக்காரர்களுக்காகவே மேட்டூர் பக்கத்தில் 'மணல்வீடு' இதழும் களரி அமைப்பும் நடத்துகிறார் மு. ஹரிகிருஷ்ணன். ஒருநாள் அந்தப் பக்கம் போய் ஒரு ராத்திரி முழுக்கக் கூத்துப் பார். யூடியூபில் 'டைப் பீட்' தேடுவதைவிட அது உபயோகம்.

பீட்டுக்குத் தறிப்பட்டறை போதும். நாடா இந்தப் பக்கம் போய் மோதுகிற சத்தம், அந்தப் பக்கம் மோதுகிற சத்தம், நடுவில் அச்சு வந்து அடிக்கிற கனத்த அடி. மொபைலில் பிடித்து லூப் போடு. பிறகு தார் தீர்ந்து தறி நிற்கும்போது அப்பாவின் கையைப் பார். காலித் தாரை உருவிப் புதுத்தாரைச் செருகி, நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்து, கண் மூடித் திறப்பதற்குள் தறியைத் தட்டிவிடுவார். உறிஞ்சும்போது நூலோடு பஞ்சுத்தூசும் சாயமும் உள்ளே போகும். வாங்கிய அட்வான்ஸ் கழியாமல் ஒரே பட்டறையில் வயசைக் கரைத்தவர்கள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, நீ ஏறியே பார்க்காத லம்போர்கினியைப் பற்றி எதுகை போடுகிறாயே, வெட்கமாக இல்லை?

இன்னொன்றையும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். "ஆண்ட பரம்பரை" என்று மீசை முறுக்குகிற பாட்டுக்கு நாலு ராப் வரி எழுதித் தா என்று யாராவது காசு நீட்டுவார்கள். தொடாதே. 2015-இல் வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போன ஓமலூர் இளைஞன், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த மண் இது. 2022-இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. இந்த மண்ணில் மைக்கைப் பிடிக்கிறவனுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகமே வரக்கூடாது. பயமிருக்கும். பயத்தோடே பாடு.

பாட்டு ஹிட்டானால் கதை முடிந்தது என்றும் நினைக்காதே. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி'யை அறிவோடு பாடிய தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார். நீயும் கேட்கப் பழகு. காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை ஒரு கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. யாராவது ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் இதை மனசில் வைத்துப் படி. புரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடம் காட்டு. எழுதிய ஒவ்வொரு வரியையும் தேதி போட்டு உனக்கே ஒரு மெயில் அனுப்பி வை.

பொங்கலுக்கு ஊரில் உறியடியும் மியூசிக்கல் சேரும் நடக்கும். மைக்செட் அண்ணனிடம் நாலு நிமிஷம் கேள். விழாக் கமிட்டிக்காரர்கள் "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்றால் மைக் இல்லாமலே ஆரம்பி. நாலு தறி ஓடுகிற பட்டறையில் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை உன்னுடையது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.