அக்கா தந்த திருநீறு



வெளிநாட்டுப் படிப்பு முடிந்து விமானத்தை விட்டு இறங்கியதும் "வீட்டுக்கு வந்துட்டோம்" என்று நினைக்கிறோம். உடம்பு வந்துவிடுகிறது, மனசு வந்து சேரத்தான் நாளாகிறது. எனக்கு மூன்று வாரம் ஆனது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு இங்கிலாந்தில் பொறியியல் படித்துவிட்டு, போன ஜூலையில் கிள்ளானுக்குத் திரும்பினேன். வந்ததிலிருந்தே எல்லாவற்றிலும் குறை கண்டேன். பஸ் நேரத்துக்கு வரல, கோயில்ல மைக் சத்தம் அதிகம், குழம்புல எண்ணெய் அதிகம். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அக்காவைப் பார்த்து, "அதே வேலை, அதே கோயில். வெளிய போய் நாலு இடம் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "தோணுச்சு தம்பி. பாட்டிய யாரு பார்க்கிறது?" என்று சொல்லிவிட்டு, என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பாட்டி ஜனவரியில் இறந்தார். இறுதிச் சடங்கை நான் போனில்தான் பார்த்தேன். இங்கே காலை 11 மணி, அங்கே விடியற்காலை 3 மணி. பாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கடைசி வரை பார்த்துக்கொண்டது அக்கா. அதனால்தான் நான் கவலையில்லாமல் படிக்க முடிந்தது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது தேவார வகுப்பில் கேட்ட அப்பர் வரலாறு. நம்மில் பலர் அதைச் சூலை நோய் தீர்ந்த அற்புதமாக மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறோம். அது வீடு திரும்பிய ஒரு தம்பியின் கதையும்தான்.

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி கெஞ்சியதால் அவருக்காகவே உயிர் வாழ்ந்தார். அந்தத் தம்பிதான் பிறகு திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்ச் சமண நூல்களைக் கற்று, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். அக்காவோ திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகி, பூமாலை தொடுத்து, தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார்.

சமண சமயத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்த இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரே ராத்திரியில் போய்ச் சேரும் தூரம்தான். கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஏறக்குறைய 10,500 கிலோமீட்டர். ஆனால் அக்காவிடமிருந்து விலகிப்போக அவ்வளவு தூரம் தேவையில்லை. நான் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டே விலகியிருந்தேன்.

சூலை நோய் வந்தபோது தருமசேனர் முதலில் ஆள் அனுப்பி அக்காவை அழைத்தார். "நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் திலகவதியார். தம்பிதான் இரவோடு இரவாகப் போய் அக்காவின் காலில் விழ வேண்டியிருந்தது. அவர் திருநீறு தந்து, விடியுமுன் கோயில் பணிக்குப் போகும்போது கூடவே அழைத்துப் போனார். முதல் பதிகம் பிறந்தது அங்கேதான்.

பாடுவதற்கான தமிழும் கல்வியும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. பாட்டு வந்ததோ வணங்கிய பிறகுதான்.

வகுப்பில் படித்த ஒன்று இதற்குப் பொருந்தும். எஃகுக் கம்பியை ஓர் எல்லைக்குள் இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். எல்லை தாண்டி இழுத்தால் திரும்பாது. அப்படி நீண்ட கம்பிக்கு உறுதி கூடும், வளைந்துகொடுக்கும் தன்மை குறையும். அது மறுபடி இளக வேண்டுமானால் நன்றாகச் சூடாக்கி மெல்ல ஆறவிட வேண்டும். வெளிநாடு போய்வந்த நாமும் பழைய நீளத்துக்குத் திரும்ப மாட்டோம். திரும்பணும்னு அவசியமும் இல்லை. தனியாகச் சமைக்கவும், சந்தேகம் கேட்கவும், நேரத்துக்கு நிற்கவும் கற்றது நல்லதுதான். வளையத் தெரியாமல் போனதுதான் குறை. அப்பரை இளக்கிய சூடு சூலை நோய். என்னை இளக்கியது அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம்.

அந்த வாரச் சனிக்கிழமை அக்காவோடு கோயில் உழவாரப் பணிக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். பிரகாரத்தைக் கூட்டினேன். முடிந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "மெலிஞ்சு போய்ட்டடா" என்றார். ஊர் வந்து மூன்று வாரம் கழித்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

படிப்பு முடிந்து திரும்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்த முதல் வாரம் கருத்துச் சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டு வேலையையும் கோயில் வேலையையும் யார் தூக்கிச் சுமந்தார்கள் என்று கேளுங்கள். அதில் ஒரு பங்கை உங்கள் கையில் எடுங்கள். குறை சொல்ல வேண்டியது இருந்தால், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே சொல்லுங்கள், கேட்பார்கள். அப்பர் நாவுக்கரசர் என்று பெயர் பெற்ற பிறகும் கையிலிருந்த உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை.

கோயில் மைக் சத்தம் இன்னும் அதிகம்தான். அதைச் சரிசெய்ய நிர்வாகத்திடம் நானே முன்வந்திருக்கிறேன். அக்காவிடம் வாய்விட்டு மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வருவதற்குள் கேட்டுவிடணும்.

திருச்சிற்றம்பலம்.