யார் செய்திருந்தால்?

போடியில் ஏலக்காய் விலையைப் பேசுகிறவர்கள் நடந்ததைவிட நடக்காமல் போனதைத்தான் அதிகம் பேசுவார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்கள் சீரழிந்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறும்போது விற்றுவிட்டவர்களும் இறங்கும்வரை பிடித்து வைத்திருந்தவர்களும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். "அன்னைக்கே போட்டுவிட்டிருந்தா மாடி எடுத்திருப்பேன்" என்பார் ஒருவர். "இன்னும் பத்து மூட்டை கையில இருந்திருந்தா மகளுக்கு முடிச்சிருப்பேன்" என்பார் இன்னொருவர். அந்த மாடியும் அந்தக் கல்யாணமும் அவர்கள் பேச்சில் அவ்வளவு உறுதியாக நிற்கும்.

நான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக அந்த மொழியை எடுப்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் நிறைய. அவர்கள் தடுக்கி விழும் இடம் 'கோந்திசியோனெல் பாஸே'. 'செய்திருப்பேன், வந்திருப்பார்கள்' என்று நடக்காமல் போனதைச் சொல்லும் வினை வடிவம். அதைக் கட்டுவது கடினமில்லை. 'அவ்வார்' என்ற துணைவினையை ஆறு பேருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும்: ஜொரே, த்யு ஒரே, இல் ஒரே, நூ ஸொரியோன், வூ ஸொரியே, இல் ஸொரே. நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். பின்னால் முக்கிய வினையின் எச்சத்தைச் சேர்த்தால் முடிந்தது. போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளுக்கு மட்டும் துணைவினை 'எத்ர்'. அங்கே எச்சமும் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். போனவள் பெண்ணென்றால் எழுத்தில் ஓர் எழுத்து கூடும். 'செய்திருந்தால்' என்று 'ஆல்' வரும் பாதியில் இந்த வடிவத்தைப் போடவே கூடாது. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே அதை எதுகையோடு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள்.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்த ஆறு பேரையும் திண்ணையில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டாள். "சித்தி, ஒரே வாக்கியத்தை எதுக்கு ஆறு தடவை எழுதணும்?" என்று கேட்டாள். பரீட்சைக்கு என்று அப்போது சொன்னேன். அந்தக் கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் போடி பக்கத்துக் குரங்கணியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்திருந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கின. பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் பலர். சிலர் மலையிலேயே இறந்தார்கள். மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில், வாரங்களில், மருத்துவமனைகளில். மொத்தம் 23 பேர். தீ மேட்டில் ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். சுவாலை மேலே சாய்ந்து, அடுத்திருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். மார்ச் மாதத்துப் புல்லுக்கு அந்தச் சூடுகூடத் தேவையில்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் ஏறிப்போய், போர்வையில் தூளி கட்டி, வெந்த உடம்புகளைச் சுமந்து இறக்கினார்கள். அந்தச் சரிவில் வெறுங்கையோடு இறங்குவதே பாடு. கல் உருளும், புல் வழுக்கும். தூளியின் இரு முனையையும் பிடித்தவர்கள் ஒரே சீராக அடி வைக்க வேண்டும். ஒருவர் சறுக்கினால் உள்ளே இருப்பவர் அலறுவார்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் தமிழ்நாடு முழுக்க இந்த வாக்கியம்தான். அனுமதி இல்லாத பாதையில் போகாமல் இருந்திருந்தால். அடிவாரத்திலேயே நிறுத்தியிருந்தால். தீ எரிகிற பருவத்தில் பாதையை மூடியிருந்தால். வீட்டில் அனுப்பாமல் இருந்திருந்தால். கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம், துக்கம் கேட்கப் போன வீட்டிலேயே, "அனுப்பாமல் இருந்திருக்கலாம்" என்று சொல்ல நாக்கு வரும் ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வளர்ந்த மகளை மலை பார்க்க அனுப்பியது குற்றமில்லை. அந்த மலை அன்று எரியும் என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அந்தச் சமயத்து அறிக்கைகளிலும் பேட்டிகளிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் 'தவிர்த்திருக்கலாம்'. அதில் ஆள் இல்லை. செய்தேன், செய்தாய், செய்தார்கள் என்று பெரும்பாலான வினைகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கிற நம் மொழி, 'லாம்' என்று முடியும்போது யாரையும் காட்டுவதில்லை. பிரெஞ்சும் யோக்கியமில்லை, 'ஓன் ஒரே ப்யூ' என்று முகமில்லாத ஓர் எழுவாயை வைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம். ஆனால் பள்ளிக்கூட அட்டவணை தப்பவிடாது. நான் தவிர்த்திருப்பேன், நீ தவிர்த்திருப்பாய், நாம் தவிர்த்திருப்போம், அவர்கள் தவிர்த்திருப்பார்கள் என்று ஆறு வரியும் எழுதியாக வேண்டும். எழுதிப் பார்க்கும்போது சில வரிகள் பொய்யென்று உடனே தெரிந்துவிடும், சில வரிகள் சுடும்.

அரசு மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு அமர்த்தியதும், அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்ததும் இந்தக் காரணத்தால்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. யார் அனுமதி கேட்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், யார் கூடப் போக வேண்டும் என்று எழுதும்போது 'தவிர்த்திருக்கலாம்' என்பதற்கு எழுவாய் கிடைக்கிறது. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தார்கள். கோடையில் தீ பயத்துக்காகப் பாதைகளை மூடுகிறார்கள். மூடும்போது சலித்துக்கொள்கிற பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 23 பேர் கொடுத்த விலையில் வந்த பூட்டு அது.

எல்லா 'ஆல்'களுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் என்று பெயர் வந்ததே, மூணாற்றிலிருந்து அங்கே ரயில் ஓடியதால்தான். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கிவந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளம் வராமல் இருந்திருந்தால் போடி என்னவாகியிருக்கும் என்று பேசிக்கொண்டே ஒரு மாலையைக் கழிக்கலாம். யாருக்கும் வலிக்காது. காய் விலையும் அப்படித்தான், வலித்தாலும்கூட. ஏழாயிரம் உச்சம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்று அதைத் தெரிந்திருக்க வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை.

புதுச்சேரியில் இதே வாக்கியம் குடும்பச் சொத்துபோல இறங்கிவருகிறது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க பிரான்சோடு 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். கொடுக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். "தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா" என்று ஆரம்பிக்கும் பேச்சை அங்கே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். புதுத் தேசத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையை, அறுபது ஆண்டு கழித்து விசா வரிசையில் நின்றுகொண்டு பிழை என்கிறார்கள். தாத்தா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற வரியை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

குரங்கணிக்குப் போகும்போதெல்லாம் ஒரு டீக்கடையில் நிற்பேன். அங்கே ஒருநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப்போனவர்களில் ஒருவர் பேசினார். கேட்டு வரவழைத்த பேச்சு இல்லை. மலையில் புகை தெரிந்ததைப் பார்த்து அவராகச் சொன்னது. "ஒரு அரை மணி நேரம் முந்தித் தெரிஞ்சிருந்தா நாங்க போயிருப்போம்மா. நான் அன்னைக்கு இங்கனதான் இருந்தேன்." நான் என்றார், நாங்கள் என்றார். அதிகாரிகள், அமைப்பாளர்கள், அறிக்கைகள் எல்லோரும் ஆளில்லாத வினையில் பேசிக்கொண்டிருந்தபோது, எந்தக் கடமையும் இல்லாத, யாரும் சம்பளம் தராத இந்த மனிதர் தன்மையில் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தூக்கியவர்தான் இன்னும் சீக்கிரம் ஓடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார். பெற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யார் மீது ஏற வேண்டிய பாரமோ அவர்கள் தோள் காலியாக இருந்தால், அது பக்கத்தில் நிற்கிற நல்லவர்கள் தோளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விதி என்று சொல்லி வாயடைப்பதும் இதைத்தான் செய்யும். விதியிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது; அதனால் கேள்வி கேட்டவரிடமே திரும்பிவருகிறது.

இந்த வினை வடிவத்துக்கு இன்னொரு பயன் உண்டு. பாடநூலில் கடைசியில் இரண்டு வரியில் வரும். 'ஆல்' பாதியே இல்லாமல் 'ஸான்' என்ற சொல்லோடு வரும். 'ஸான் வூ, ஜ ஸ்ரே மோர்.' நீங்கள் மட்டும் இல்லையென்றால் நான் செத்திருப்பேன். குற்றம் சொல்ல எடுக்கிற அதே வடிவத்தில்தான் அந்த மொழி நன்றியும் சொல்கிறது. நாம் இதை "நல்லவேளை, நீங்க வந்தீங்க" என்று சுருக்கிவிடுகிறோம். முழுதாகச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

"அண்ணே, நீங்கெல்லாம் அன்னைக்கு ஏறாம இருந்திருந்தா கீழ வந்தவங்கள்ல எத்தனை பேர் வந்திருப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தப் பக்கம் இறங்கும் தடம், தூளி பிடித்த ஆட்கள், யார் யாரை எங்கே வைத்து மாற்றிக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.